துணி பாதி, வெட்டு பாதி

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த ஆடையையும் இரண்டாகப் பகுத்துப் பார்த்தால் துணி பாதி, வெட்டு பாதி என்று சொல்லத் தோன்றுகிறது. முதற் பாதியைப் பற்றி நாம் ஓயாமல் பேசி வருகிறோம். நூல் விலை, சாயம், கூலி, தள்ளுபடி, தேங்கிய சரக்கு என்று அதற்கு முடிவே இல்லை. இரண்டாம் பாதியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. துணியை அளந்து கொடுத்து, ரசீது எழுதியவுடன் நமது கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். அது தவறு என்பதும், அந்தத் தவற்றினால் நஷ்டமடைகிறவர்கள் நாமே என்பதும் நமது அபிப்பிராயம். ரவிக்கையை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறோம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தியும் தறியும் அருகருகே வாழ்கின்றன. மேற்கே கரிசல் மண்ணில் மானாவாரியாகப் பருத்தி விளைகிறது. வேப்பந்தட்டையில் பருத்திக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிழக்கே ஜெயங்கொண்டம், இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களில் கைத்தறி ஓடுகிறது. அங்கே நெய்யப்படும் பட்டுச் சேலையின் கோடியில் ரவிக்கைக்கென்று ஒரு துண்டு சேர்த்தே நெய்யப்படுகிறது. ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டுக்கும் பாவு செலவாகிறது, ஊடை செலவாகிறது, நெசவாளியின் கால் மிதிப்பும் கை வீச்சும் செலவாகின்றன.

அந்தத் துண்டு என்ன ஆகிறது? நேயர்கள் தத்தம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். வெட்டப்படாமலும் தைக்கப்படாமலும் மடித்தபடியே பத்துப் பதினைந்து துண்டுகள் உறங்கும். நவராத்திரிக்கும் சுமங்கலிப் பூசைக்கும் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகளோ இன்னும் விசித்திரமானவை. அவை ஒரு வீட்டுத் தட்டிலிருந்து மறுவீட்டுத் தட்டுக்கு யாத்திரை செய்துகொண்டேயிருக்கின்றன. எந்த உடம்பையும் சென்று சேர்வதில்லை. துணி விற்றது என்று கணக்கில் எழுதுகிறோம். ஆனால் உடுத்தப்படாத துணிக்கு அடுத்த துணி தேவைப்படாது என்பதை மறந்துவிடுகிறோம்.

பின்னலாடை வந்து புகுந்த இடம்

தைக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் கேட்டால் பெண்கள் இரண்டு சொல்லுகிறார்கள். ஒன்று, சாதாரணப் பருத்தி ரவிக்கையில் துணியின் விலையைவிடத் தையற்கூலி அதிகமாகிவிட்டது. மற்றொன்று, அவ்வளவு கூலி கொடுத்தும் உடம்புக்குப் பொருந்துவதில்லை. ஆதலின் கடையில் ஆயத்தமாகத் தொங்கும் இழுபடு ரவிக்கையை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த இழுபடு ரவிக்கை நெய்த துணியன்று, பின்னிய துணி. நெய்த துணியில் பாவும் ஊடையும் நேர்கோடுகளாகக் குறுக்கிட்டுக் கிடக்கின்றன. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இழுத்தால் அது கொடுப்பது மிகக் குறைவு. மூலைவாக்கில் இழுத்தால் மட்டுமே சற்று நெகிழும். பின்னிய துணியில் நூல் வளையம் வளையமாகக் கோத்திருக்கிறது. இழுத்தால் வளையம் விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. ஆகவே பின்னிய துணி, உடம்பை அளக்காதவனையும் மன்னித்துவிடும். நெய்த துணி மன்னிக்காது. உடம்பு வளைவானது, துணி தட்டையானது. தட்டையான துணியை வளைவுக்கு இணங்கச் செய்ய, ‘டாட்’ என்று தையற்காரர்கள் சொல்லும் மடிப்புத் தையலை உரிய இடத்தில், உரிய ஆழத்தில் பிடிக்க வேண்டும். அன்றேல் துண்டு துண்டாக வளைத்து வெட்டி இணைக்க வேண்டும். இந்த அறிவு உள்ளவரையில்தான் நெய்த துணியில் உடம்போடு பொருந்தும் ரவிக்கை உண்டு. இந்த அறிவு குறையுமிடத்தில் பின்னலாடை வந்து உட்கார்ந்துகொள்ளும், உட்கார்ந்தும்விட்டது.

நமது போட்டி விசைத்தறியோடு மட்டும் என்று எண்ணியிருந்தோம். நமது துணியை வெட்டத் தெரியாமையும் நமக்குப் போட்டியாக நிற்கிறது.

அளவு ரவிக்கை

நம் ஊர்களில் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் உடம்பை அளக்கக் கொடுப்பதில்லை. பழைய ரவிக்கை ஒன்றை எடுத்துச் சென்று, “இதே அளவுக்குத் தைத்துக் கொடுங்கள்” என்று வைத்துவிட்டு வருகிறார்கள். அதற்கு ‘அளவு ரவிக்கை’ அல்லது ‘அளவு ஜாக்கெட்’ என்று பெயர். இவ்வழக்கத்தில் ஒரு கண்ணியம் இருக்கிறது. பெண்ணின் உடம்பில் ஆண் தையற்காரர் நாடா வைக்க வேண்டியதில்லை. அதனால்தான் அது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. அதனை நாம் இகழவில்லை.

ஆனால் அதன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அளவு ரவிக்கை என்பது உடம்பின் அளவன்று. சில ஆண்டுகளுக்கு முன் இருந்த உடம்புக்கு யாரோ தைத்த ரவிக்கையின் அளவு. பிறகு அது சலவையில் சுருங்கியிருக்கும், அக்குளில் நைந்து இழுபட்டிருக்கும், பக்கத் தையல் இரண்டுமுறை பிரித்துவிடப்பட்டிருக்கும். குன்னம் பகுதியில் நாற்பது ஆண்டுகளாகத் தையற் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: “அளவு ஜாக்கெட்டில் இருக்கிற தப்பும் புது ஜாக்கெட்டுக்கு வந்துவிடும், ஐயா. சில பேருக்குப் பத்து வருஷமா ஒரே தப்பைத் தைச்சுக் கொடுத்துக்கிட்டிருக்கேன். அவங்களும் கேட்கிறதில்லை, நானும் சொல்றதில்லை.”

இதைவிடத் தெளிவாக நாம் சொல்ல இயலாது. நெசவில் ஒரு பிசகு நேர்ந்தால் பாவை நிறுத்திவிட்டுச் சரிசெய்கிறோம். ரவிக்கையிலோ பிசகே மரபாகிவிட்டது.

காகித மாதிரி

இதற்கு மாற்று, ‘பேட்டர்ன்’ என்று வழங்கும் காகித மாதிரி. முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி என ஆடையின் ஒவ்வோர் அங்கத்தையும் காகிதத்தில் வரைந்து, எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது, தையலுக்கு எவ்வளவு துணி விடுவது என்று குறித்திருப்பார்கள். காகிதத்தைத் துணியின் மேல் வைத்து வெட்டி, குறிப்பைப் படித்துத் தைக்க வேண்டியதுதான்.

பல அளவுகளில் காகித மாதிரியைச் செய்து விற்கும் தொழிலை 1863இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கியவர் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர். ஜெர்மனியில் புர்டா என்னும் பத்திரிகை 1952 முதல் தன் இதழ்களோடு மாதிரித் தாள்களைச் சேர்த்து வழங்கியது. போரில் நொந்திருந்த அந்நாட்டுக் குடும்பப் பெண்கள் அதைக் கொண்டு தங்கள் ஆடைகளைத் தாங்களே தைத்துக்கொண்டனர்.

பயிரிடுவோரான நமது அங்கத்தினர்களுக்கு மற்றொரு செய்தி சுவையாக இருக்கும். அமெரிக்கப் பெண்களின் உடலளவுகளை முதன்முதலில் பெருமளவில் அளந்து தொகுத்த அரசாங்க இலாகா எது தெரியுமா? விவசாய இலாகா! 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அளவுகள் வீதம் அளந்து, 1941இல் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு பெருங்குறை உண்டு. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. யாரை அளக்கிறோமோ அவருக்குத்தான் ஆடை பொருந்தும். அளக்கப்படாதவர், பிறர் அளவுக்குத் தைத்த சட்டைக்குள் தம் உடம்பை நுழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் நாட்டிலும் மத்திய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்டும் இந்தியருக்கான அளவு அட்டவணை ஒன்றை வகுக்கப் போவதாக 2018இல் அறிவித்தன. 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை அளக்கத் திட்டம். அதற்கெனக் குறித்த நகரங்கள் கொல்கத்தா, மும்பை, புது டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் ஆகிய ஆறு. பெரியதோர் ஆரம்பம், வரவேற்கிறோம். ஆயினும் ஆலத்தூரில் பருத்தி எடுக்கும் பெண்ணின் தோளும், உடையார்பாளையத்தில் தறியில் அமரும் பெண்ணின் முதுகும் அந்த ஆறு நகரங்களில் அளக்கப்படா. அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

இந்நாளில் பெரிய கம்பெனிகளைச் சாராமல் தனித்து நின்று மாதிரிகள் வரைந்து விற்கும் கலைஞர்கள் பல நாடுகளில் தோன்றியிருக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள்; வீட்டு மேசையையே தொழிற்சாலையாகக் கொண்டவர்கள். பணம் கட்டினால் மாதிரி கணினி வழியே வந்து சேருகிறது. நாம் அதை அச்சிட்டுத் தாள்களை ஒட்டி விரித்துக்கொள்ளலாம்.

நாம் செய்து பார்த்த சோதனை

கேள்விப்பட்டதை மட்டும் எழுதுவது முறையன்று என்று எண்ணி, நமது இல்லத்திலேயே ஒரு சோதனை செய்து பார்த்தோம். கல்லூரியில் படிக்கும் நமது வீட்டுப் பெண், நீண்ட பாவாடையின் மேல் அணிய, முன்புறம் பொத்தான் வைத்து இடுப்பில் டாட் பிடித்த, உடம்போடு பொருந்தும் பிளவுஸ் ஒன்று வேண்டும் என்றாள். தனிக் கலைஞர் ஒருவரின் மாதிரியை விலைகொடுத்து வாங்கினோம். கைத்தறிப் பருத்தித் துணியில் இரண்டு மீட்டர் எடுத்தோம். நேர்ந்த பிசகுகளை வரிசையாகச் சொல்லுகிறோம். பின்னால் முயலுவோருக்கு அவை உதவும்.

முதற் பிசகு அச்சுக்கூடத்தில் நேர்ந்தது. மாதிரியின் முதல் தாளில், அளந்து சரிபார்ப்பதற்காக 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று போட்டிருந்தார்கள். கணினிக் கடையில் முப்பதுக்கு மேற்பட்ட தாள்களை அச்சிட்டு வாங்கி வந்து, வீட்டில் அளந்தால் சதுரம் 9.7 சென்டிமீட்டர்தான் இருந்தது. தாளுக்குள் அடங்கும்படி இயந்திரம் தானாகவே சுருக்கிவிட்டது. நூற்றுக்கு மூன்றுதானே என்று விட்டிருந்தால் 36 அங்குல மார்புச் சுற்றில் ஓர் அங்குலத்துக்கு மேல் போயிருக்கும். மறுநாள் சென்று, ‘உள்ளபடியே அச்சிடுக’ என்று சொல்லி மறுபடி எடுத்து வந்தோம்.

இரண்டாவது பிசகு நம்முடையது. மார்புச் சுற்றை மட்டும் அளந்து அதற்குரிய அளவைத் தேர்ந்தெடுத்தோம். நல்லவேளையாக, அசல் துணியைத் தொடாமல் கோராத் துணியில் ஒன்று தைத்துப் பார்த்தோம். மார்பில் சரியாக இருந்தது. தோளோ கையின் மேல் வழிந்தது, கழுத்து வாய் பிளந்து நின்றது. பிறகுதான் குறிப்பை நிதானமாகப் படித்தோம். அக்குளுக்கு ஒட்டி, மார்புக்கு மேலே நாடாவைச் சுற்றி எடுக்கும் மேல்மார்பு அளவே எலும்புக்கூட்டின் அளவு. தோளும் கழுத்தும் கைக்குழியும் அதற்கு ஏற்பவே அமையும். நமது பெண்ணுக்கு மேல்மார்பு 34, மார்பு 37. மாதிரி வரைந்தவரோ இரண்டுக்கும் 2 அங்குல வித்தியாசம் வைத்து வரைந்திருந்தார். ஆகவே 36 அங்குல மார்புக்குரிய மாதிரியை எடுத்துக்கொண்டு, குறையும் ஓர் அங்குலத்தை முன்பக்கத்தில் மட்டும், பக்கத்துக்கு அரை அங்குலமாகக் காகிதத்தை வெட்டி விரித்துச் சேர்த்தோம். இரண்டாவது கோராப் பிளவுஸ் தோளில் கச்சிதமாக அமர்ந்தது. நம் ஊரில் எத்தனையோ பெண்கள் தோள் வழிகிற ரவிக்கையை ஊசிகுத்தி நிறுத்துவதற்குக் காரணம் இந்த ஓர் அளவை யாரும் எடுக்காததே என்று நாம் கருதுகிறோம்.

மூன்றாவது பிசகு நேரவிருந்து தப்பியது. பிளவுஸ் பொருந்திய மகிழ்ச்சியில் பெண் கத்திரியைக் கையில் எடுத்துவிட்டாள். வீட்டு மூதாட்டி பார்த்துவிட்டு, “நனைச்சுக் காயப்போடாத துணியிலே கத்திரி வைக்காதே, கண்ணு” என்றார். ஓர் இரவு நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அளந்தால் இரண்டு மீட்டரில் 8 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அப்படியே தைத்திருந்தால் முதற் சலவையிலேயே இடுப்பு மேலேறியிருக்கும். பழியைத் துணியின்மேல் போட்டிருப்போம். எத்தனை பேர் இவ்வாறு கைத்தறித் துணியைக் குறைகூறி விலகிப் போயிருப்பார்கள் என்று அன்று நினைத்துக்கொண்டோம்.

நமது துணியின் இயல்பு

நான்காவதாகக் கண்டது பிசகன்று, பேதம். மாதிரியில் துணியைப் பரப்பிக் காட்டிய படங்கள் 115, 150 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரையப்பட்டவை. நமது துணி 90 சென்டிமீட்டர் அகலமே இருந்தது. அவர்கள் ஒன்றரை மீட்டர் போதும் என்றிருந்த அளவுக்கு நமக்கு இரண்டு மீட்டர் வேண்டியதாயிற்று. காகிதத் துண்டுகளைத் தரையில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் நகர்த்தி நகர்த்தி அடுக்கினோம். காகிதத்தில் அம்புக்குறியிட்ட கோடு துணியின் பாவோடு ஒத்துச் செல்ல வேண்டும். துணியை மிச்சப்படுத்த எண்ணிச் சாய்த்து வைத்தால் உடுத்தியபின் அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். பாவின் போக்கை நன்கு அறிந்தவர் நெசவாளியே அல்லவா? அவர் வீட்டுப் பெண்களுக்கு இந்த விதியை யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிராது.

கைத்தறித் துணி வெட்டிய ஓரத்தில் இழை பிரியும். மாதிரியில் கண்ட முறைப்படி ஓரத்தை வெறுமனே அடித்தால் போதாது. முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க ஒரு தையல் போட்டு, ஓரத்தைக் கத்தரித்து, உள்ளே திருப்பி, அந்த ஓரம் அகப்படும்படி மறு தையல் போட்டோம். பிசிறு உள்ளே சிறைப்பட்டுவிடும். இதற்குச் சற்று அதிகத் துணி விடவேண்டும். வெட்டுவதற்கு முன்பே அதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

முடிவில் கிடைத்த பிளவுஸை அந்தப் பெண் அணிந்து, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். இடுப்பு ஓரம் மேலேறவில்லை. பொத்தான்களுக்கு நடுவே வாய் திறக்கவில்லை. துணி அதே துணிதான். வெட்டு மாறியதும் அதன் மதிப்பே மாறிவிட்டது.

பொருத்தம் அலங்காரமன்று

“இதெல்லாம் பட்டணத்து நாகரிகம், உழைக்கிற ஜனங்களுக்கு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பருத்திக் காட்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். பஞ்சு எடுக்கும் பெண்கள் வெயிலுக்கும் செடியின் கீறலுக்கும் அஞ்சி, சேலையின்மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். உழைக்கும் பெண்ணுக்கென்று அளந்து தைத்த ஆடை ஒன்று இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ரவிக்கை முதலில் கிழியும் இடம் அக்குள். கைக்குழி தாழ்வாக இருந்தால் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. கைக்குழி தாழ்ந்திருந்தால் கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் கூடவே இழுபடும், தையல் தெறிக்கும். அக்குளுக்கு அருகே உயர்ந்து அமைந்த கைக்குழியில் கை தனியே அசையும். ரவிக்கை தன் இடத்தில் நிற்கும். நாடா இழுக்கும் பெண்ணுக்கும், களை எடுக்கும் பெண்ணுக்கும், நாளெல்லாம் கையை நீட்டி வேலை செய்கிற எவருக்கும் பொருத்தம் என்பது அலங்காரமன்று. வேலைக்கு வேண்டிய வசதி.

நகலெடுப்பது நியாயமா?

இச்சோதனையின் நடுவே ஒரு சம்பவம் நேர்ந்தது. நாம் மாதிரி வாங்கிய செய்தி அறிந்த நண்பர் ஒருவர், “விலை கொடுத்தா வாங்கினீர்கள்? கேட்டிருந்தால் அந்தக் கோப்பை இலவசமாகவே அனுப்பியிருப்பேனே” என்றார். அவர் நல்ல மனிதர். தவறென்று தெரியாமல் சொன்னார். அவருக்கு நாம் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறோம்.

ஒரு நெசவாளி இரவெல்லாம் விழித்துப் புதுக்கரை ஒன்றை அமைக்கிறார். சேலை கடைக்குப் போன சில வாரங்களில் அதே கரை விசைத்தறியில் பாதி விலைக்கு வந்துவிடுகிறது. அப்போது நமக்கு வயிறு எரிகிறது. இவ்வகை அநியாயத்துக்கு எதிராகக் கைத்தறியாளர் காலங்காலமாகக் குரல் கொடுத்ததன் பயனாகவே 1985இல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. சேலை, வேட்டி, துண்டு, கைலி முதலான சில ரகங்கள் குறித்த தன்மைகளோடு நமக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதை மீறுகிறார்கள் என்று இன்றும் மனுப்போடுகிறோம்.

தனித்து மாதிரி வரையும் பெண்ணின் நிலையும் அந்த நெசவாளியின் நிலைதான். ஒரு மாதிரியை வரைந்து, எல்லா அளவுகளுக்கும் பெருக்கி, தைத்துப் பார்த்து, பலவித உடம்புள்ளவர்களை உடுத்திப் பார்க்கச் செய்து, குறை திருத்தி, படிக்குப் படி படம் போட்டு வெளியிட மாதக்கணக்காகிறது. விற்பனை ஒன்றே அவருக்குக் கூலி. அதை நாம் நகலெடுத்து நாலு பேருக்குக் கொடுத்தால், நமது கரையை நகலெடுத்தவனை ஏசும் வாய் நமக்கு இல்லாமற் போகும். பிறர் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளும் சங்கம், தன் உழைப்புக்கு நியாய விலை கேட்க உரிமையற்றது. கூட்டுறவு என்னும் சொல்லுக்கு நாம் அறிந்த பொருள் அதுவே.

சொந்த உபயோகத்துக்கு என்று விற்கப்படும் மாதிரியைக் கொண்டு விற்பனைக்குத் தைப்பதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம். ஒவ்வொரு கலைஞரும் விதிக்கும் நிபந்தனை வெவ்வேறானது. படித்து, வேண்டுமானால் எழுதிக் கேட்டு, பிறகே தொடங்க வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

நமது யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, நமது மாவட்டங்களின் நெசவுச் சங்கங்கள் கூடி, நமது துணிக்கென்றே மூன்று மாதிரிகளை வரையச் செய்ய வேண்டும்: சேலைக்கு ஒரு ரவிக்கை, இளம்பெண்களுக்கு ஒரு பிளவுஸ், வயல்வேலைக்கு ஒரு முழுக்கை மேற்சட்டை. வெளிநாட்டு மாதிரியை அப்படியே கொள்வது சேலை ரவிக்கைக்கு உதவாது. அவர்கள் பிளவுஸில் அசைவுக்காக இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை விடுவார்கள். நமது ரவிக்கையில் விடுவது ஓரிரண்டு அங்குலமே. ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு வேலை தேடும் பெண்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்து, வரைவதற்கு ஊதியமும், விற்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பங்கும் எழுத்துமூலம் அளிக்க வேண்டும். மாதிரித் தாளில் அவருடைய பெயர் இருக்கட்டும்.

இரண்டாவது, வரைவதற்குமுன் அளக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில், பெண்களைக் கொண்டே, பெண்களின் சம்மதத்தோடு, பெயர் குறிக்காமல் அளவெடுக்கலாம். மேல்மார்பு, மார்பு, இடுப்பு, தோள், முதுகு, கைச்சுற்று ஆகிய ஆறு அளவுகள் போதும். அதிலிருந்து நமது பெண்களின் அளவு அட்டவணை பிறக்கும்.

மூன்றாவது, மாதிரியைச் சிறு தாள்களில் அச்சிடாமல் ஒரே பெரிய தாளில் அச்சிட்டு, தமிழில் குறிப்பு எழுதி, 90 சென்டிமீட்டர் அகலத்துக்குத் துணி பரப்பும் படமும் போட்டு, விற்பனை நிலையத்தில் துணியோடு சேர்த்து விற்க வேண்டும். ‘தைக்குமுன் நனைத்துக் காயவைக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் முதல் வரியாக இருக்கட்டும்.

நான்காவது, ஒவ்வோர் அளவிலும் ஒரு கோரா ரவிக்கை தைத்து நிலையத்தில் ஒரு மறைவிடத்தோடு வைத்திருக்க வேண்டும். வாங்க வரும் பெண் போட்டுப் பார்த்து, தன் அளவு இன்னது என்று தானே அறிந்துகொள்வாள். யாரும் நாடா வைக்க வேண்டியதில்லை. அளவு ரவிக்கை வழக்கத்தில் இருக்கும் கண்ணியம் அப்படியே இருக்கும்; அதன் குறை மட்டும் நீங்கும்.

ஐந்தாவது, மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களை இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகளை அச்சங்கங்களின் உறுப்பினர்கள் தைத்துத் தருவதை நாம் அறிவோம். சீருடை வேலை ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. மற்ற மாதங்களில், பொருந்தும் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் வேலை அவர்களுக்கு நிலையான வருவாயாகலாம்.

இதனால் ஊர்த் தையற்காரர்களின் பிழைப்புக் கெடுமோ என்று ஐயுறுவோர் உளர். கெடாது என்பது நமது எண்ணம். எல்லாரும் தாமே தைத்துக்கொள்ளப் போவதில்லை. பலர் சரியான மாதிரியைத் தையற்காரரிடமே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவருக்கும் பிரித்துத் தைக்கும் வேலை குறையும். அவருடைய தொழிலுக்கு எதிரி மாதிரித் தாளன்று, இழுபடு ரவிக்கையே.

பருத்தி விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. ரவிக்கை தைப்பதால் நாளைக்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்தொகை உயர்ந்துவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. விதையோடு எடுத்த பருத்தியில் பஞ்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒரு பருத்தி ரவிக்கைத் துணியின் எடை நூறு கிராமுக்குள் அடங்கும். ஆக, மடி நிறையக் கட்டி வரும் பருத்தியில் ஒரு கிலோ எடுத்தால் மூன்று ரவிக்கைகள் கிடைக்கலாம். கணக்கு சிறியதுதான். ஆனால் அந்த மூன்றும் அலமாரியில் உறங்கினால் நான்காவது ரவிக்கைக்கு வழியில்லை. மூன்றும் உடம்பில் ஏறி, உழைத்து, நைந்தால்தான் அடுத்த கிலோவுக்கு வேலை உண்டு.

விதைத்தவர், எடுத்தவர், நூற்றவர், நெய்தவர் ஆகிய இத்தனை பேரின் உழைப்பும் கடைசியில் ஒரு கத்திரியின் முனையில் வந்து நிற்கிறது. அந்தக் கத்திரி அறிந்து வெட்டினால் அத்தனை உழைப்பும் ஆடையாகும். அறியாமல் வெட்டினால் கந்தையாகும். வெட்டவே அஞ்சினால் அலமாரிக்குப் போகும். இதனை நமது சங்க நிர்வாகிகள் அடுத்த பொதுக்குழுவில் ஒரு விஷயமாக எடுத்து ஆலோசிக்க வேண்டுமென்று வேண்டுகிறோம். சகோதரிகளுக்கு நாம் சொல்லுவது அதனினும் எளியது. இன்று மாலை அலமாரியைத் திறந்து, உறங்கும் துண்டுகளில் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்து வையுங்கள். மற்றவை அதன்பின் தாமே நடக்கும்.